அரீதாவை எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்: 1967-ஆ, 1968-ஆ?

தேவாலயப் பாட்டின் உணர்ச்சி தோய்ந்த அமெரிக்க ‘சோல்’ இசையின் பாடகி அரீதா ஃபிராங்க்ளினைக் கேட்க ஆசைப்படுபவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆல்பங்களைத்தான் கைகாட்டுவார்கள். 1967 மார்ச்சில் வந்த ‘ஐ நெவர் லவ்டு எ மேன் தி வே ஐ லவ் யூ’, 1968 ஜனவரியில் வந்த ‘லேடி சோல்’. இரண்டையும் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்துக்காகத் தயாரித்தவர் ஜெர்ரி வெக்ஸ்லர். இரண்டுமே அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின் ஓடும். என் ஓட்டு 1967-க்கு.

காரணம் பியானோ. அதற்கு முன் கொலம்பியா நிறுவனத்தில் இருந்த ஆறு வருடமும் ஜாஸ், நாடகப் பாட்டு என்று எல்லாவற்றையும் பாட வைத்தார்கள். குரலுக்குக் குறையில்லை, ஆனால் அது போய்ச் சேரும் இடம் தெரியவில்லை. டெட்ராய்ட்டில் அப்பாவின் தேவாலயத்தில் பாடி வளர்ந்தவரை வெக்ஸ்லர் மறுபடி பியானோ முன்னால் உட்கார வைத்தார். அவ்வளவுதான், வாத்தியக் குழு முழுக்க அவர் கைக்குப் பின்னால் போக ஆரம்பித்தது. இந்த ஆல்பத்தின் ‘டாக்டர் ஃபீல்குட்’ பாட்டைக் கேளுங்கள். மெதுவான ப்ளூஸ், ஒவ்வொரு வரியும் முடியும் இடத்தில் பியானோ ஒரு பதில் சொல்கிறது. கேள்வியும் அவருடையது, பதிலும் அவருடையது.

பதிவு ஆரம்பித்த கதை சுகமானதல்ல. 1967 ஜனவரியில் அலபாமாவின் மஸில் ஷோல்ஸ் ஊரில், ஃபேம் ஸ்டூடியோவில் ஒரே நாள். தலைப்புப் பாடல் முடிந்தது. ‘டூ ரைட் வுமன்’ பாதியில் நின்றது. அன்றைக்கே தகராறு மூண்டு எல்லாம் கலைந்துபோனது. அப்புறம் அந்த வாத்தியக்காரர்களை நியூயார்க்குக்கு வரவழைத்து மிச்சத்தை முடித்தார்கள். பாதியில் நின்ற பாட்டுக்கு அரீதா பியானோவும் ஆர்கனும் சேர்த்து, தங்கையோடும் அக்காவோடும் பாடி நிறைத்தார். ஒட்டுப்போட்ட தடம் காதுக்குத் தெரியாது.

இதே ஆல்பத்தின் ‘ரெஸ்பெக்ட்’ (மரியாதை) பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1965-இல் ஓட்டிஸ் ரெடிங் எழுதிப் பாடியபோது அது வீடு திரும்பும் ஆண் மரியாதை கேட்கும் பாட்டு. அரீதா வாயில் அது பெண்ணின் கோரிக்கை. ‘ரெஸ்பெக்ட்’ என்ற சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்வது ஓட்டிஸ் பாட்டில் கிடையாது. நடுவில் கிங் கர்ட்டிஸின் சாக்ஸஃபோன் வரும் பகுதியும் புதிதாகச் சேர்த்ததுதான். இந்த ஆல்பத்தில் ‘குட் டைம்ஸ்’ மாதிரி ஓரிரு பாட்டுகள் சும்மா கடந்துபோகும். இருந்தாலும் கடைசியில் சாம் குக்கின் ‘எ சேஞ்ச் இஸ் கான்னா கம்’ வந்து எல்லாவற்றையும் ஈடுகட்டிவிடுகிறது.

சரி, ‘லேடி சோல்’? தனித்தனிப் பாட்டாக எடுத்தால் அதன் உச்சங்கள் இன்னும் உயரம், ஒப்புக்கொள்கிறேன். ‘செயின் ஆஃப் ஃபூல்ஸ்’ முழுப் பாட்டும் ஒரே ஸ்வரக்கூட்டில் (chord) நிற்கிறது. ஜோ சவுத்தின் நடுங்கும் கிட்டாரும் கோரஸும் சேர்ந்து அதை அசையவிடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. ‘நேச்சுரல் வுமன்’ ஜெர்ரி காஃபினும் கரோல் கிங்கும் எழுதிக் கொடுத்தது. அதில் குரல் மெல்ல ஏறும் அழகுக்கே இசைத்தட்டை வாங்கலாம். ஆனால் ‘க்ரூவின்’, ‘நிக்கி ஹோக்கி’ இரண்டும் அரீதா இல்லாமலும் நடந்திருக்கும். ஹிட் பாட்டுகளுக்கு நடுவே இடம் நிரப்பிய உணர்வு எனக்கு இங்கேதான் அதிகம் வருகிறது.

மூன்றாவதாக ‘டஸ்டி இன் மெம்ஃபிஸ்’ பெயரும் அடிபடும். அதைப் பாடிய டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் லண்டன்காரர். தயாரிப்பில் அதே வெக்ஸ்லர் உண்டு. அரீதா முதலில் வேண்டாம் என்று விட்ட ‘சன் ஆஃப் எ ப்ரீச்சர் மேன்’ இதில்தான் பிரபலமானது. மிருதுவான, அருமையான ஆல்பம். ஆனால் சோல் இசைக்கு வாசலாக அதைத் தரமாட்டேன். அந்த அடக்கத்தின் அருமை அரீதாவின் முழக்கத்தைக் கேட்ட பிறகுதான் பிடிபடும்.

ஆகவே 1967-ஐ முதலிலிருந்து கடைசிவரை, வரிசை மாற்றாமல் கேளுங்கள். ‘லேடி சோல்’ ஆல்பத்தில் நேரமில்லாவிட்டாலும் கடைசிப் பாட்டான ‘எய்ன்ட் நோ வே’யை விட்டுவிடாதீர்கள். தங்கை கேரலின் எழுதியது; பின்னணியில் சிஸ்ஸி ஹூஸ்டனின் குரல் உச்சத்தில் தனியாக மிதக்கும். இரண்டு ஆல்பத்திலும் சேர்த்து ஒரே ஒரு பாட்டைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், நான் எடுப்பது அதைத்தான்.