மகள் இருக்கும் கவுண்டியைத் தெரிந்துகொள்ள: அமெரிக்க சென்சஸின் ‘குவிக்ஃபேக்ட்ஸ்’ தளம்

பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டுச் சென்னையில் இருக்கும் பெற்றோர் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தத் தளத்தைத்தான். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை நடத்துவது. காசு கிடையாது, பெயர் பதிய வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். தேடல் கட்டத்தில் கவுண்டியின் பெயரைத் தட்டினால் போதும். அங்கே எத்தனை பேர், என்ன வயது, வீட்டு வாடகை எவ்வளவு, வேலைக்குப் போய்ச் சேர எத்தனை நிமிடம், எத்தனை பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள் என்று எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும். கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. அந்த நாட்டில் மூவாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் பக்கம் உண்டு.

இதை நான் வெறும் பார்வையாளராகச் சொல்லவில்லை. மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். 2001-லும் 2011-லும் பெரம்பூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய் சென்சஸ் எடுத்திருக்கிறேன். கதவு நிலையில் எண் எழுதியது, மாடிப்படி ஏறியது, ‘வீட்டில் எத்தனை பேர்’ என்று கேட்டால் ஊருக்குப் போன மகனையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்று விசாரித்தது எல்லாம் இன்னும் நினைவில் இருக்கிறது. 2011 பிப்ரவரி 28 ராத்திரி, வீடில்லாதவர்களைக் கணக்கெடுக்கப் பாலத்தடியிலும் கடை வாசலிலும் நடந்தோம். ஒரு எண்ணுக்குப் பின்னால் எவ்வளவு நடை இருக்கிறது என்று தெரிந்தவளுக்கு, அந்த எண் கடைசியில் எந்தப் பெட்டியில் போய் முடங்குகிறது என்பது பெரிய விஷயம். இந்தத் தளத்தில் எண்கள் முடங்கவில்லை. எடுத்தவர்களின் உழைப்பு, கேட்பவர் கைக்கு வந்து சேர்கிறது. இதை இவ்வளவு பாராட்டுவதற்குக் காரணம் அதுதான்.

என் மகள் இருப்பது நியூ ஜெர்சி மாநிலத்தில், எடிசனில். ‘எடிசன்’ என்றுதான் எல்லோரும் சொல்கிறோம், ஆனால் அது மிடில்செக்ஸ் கவுண்டியின் 25 ஊர்களில் ஒன்று. தேடும்போது ஒரு எச்சரிக்கை: மிடில்செக்ஸ் என்ற பெயரில் மாசசூசெட்ஸ், கனெக்டிகட், வர்ஜீனியா மாநிலங்களிலும் கவுண்டிகள் உண்டு. மாசசூசெட்ஸ் மிடில்செக்ஸில் 2020 கணக்குப்படி 16,32,002 பேர். நியூ ஜெர்சி மிடில்செக்ஸில் 8,63,162 பேர். மாநிலத்தின் பெயரைச் சேர்த்துத் தட்டாவிட்டால் வேறு ஊர்க் கதையைப் படித்துக்கொண்டிருப்போம்.

பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த வசதி, ஆறு இடங்கள் வரை அடுத்தடுத்த பத்தியில் வைத்து ஒப்பிடலாம் என்பது. நான் மிடில்செக்ஸ், கொஞ்சம் தள்ளியிருக்கும் எசெக்ஸ் கவுண்டி, எடிசன், அதற்கு அடுத்த ஊரான வுட்பிரிட்ஜ், நியூ ஜெர்சி மாநிலம், அமெரிக்கா முழுவதும் என்று வைத்துக்கொள்வேன். அப்படி வைத்தபோதுதான் ஒரு எண் கண்ணில் பட்டது. 2010-இல் மிடில்செக்ஸ் 8,09,858, எசெக்ஸ் 7,83,969. 2020-இல் மிடில்செக்ஸ் 8,63,162, எசெக்ஸ் 8,63,728. வித்தியாசம் 566 பேர்! பெர்கன் கவுண்டிக்கு அடுத்து இரண்டாம் இடத்தில் இருந்த மிடில்செக்ஸ், மூன்றாம் இடத்துக்குப் போனது இந்த 566 பேரால்தான். பெரம்பூரில் சில தெருக்களை எடுத்தாலே அத்தனை பேர் வந்துவிடுவார்கள். இதில் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 2020 சென்சஸில், யாருடைய அடையாளமும் வெளியே தெரியக் கூடாது என்று, மாநில மொத்தத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே உள்ள எண்களில் வேண்டுமென்றே சிறிய மாற்றம் சேர்த்திருக்கிறார்கள். கவுண்டி அளவில் அந்த மாற்றம் மிகச் சொற்பம். தெரு அளவுக்கு இறங்கினால் கவனமாகப் படிக்க வேண்டும்.

பக்கத்தின் அடியில் ‘புவியியல்’ என்று சின்னதாக ஒரு பகுதி வரும். பலர் அதுவரை போகமாட்டார்கள். மிடில்செக்ஸின் நிலப்பரப்பு சுமார் 309 சதுர மைல். அங்கே எல்லாம் மைல் கணக்கு, 2.59-ஆல் பெருக்கினால் சதுர கிலோமீட்டர் வரும், அதாவது சுமார் 800. 2018-இல் அம்பத்தூர், மாதவரம், ஆலந்தூர் எல்லாம் சேர்ந்து பெரிதான நம் சென்னை மாவட்டமே 426 சதுர கிலோமீட்டர்தான். நெருக்கத்தைப் பார்த்தால் மிடில்செக்ஸில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்துச் சொச்சம் பேர். இப்படிப் பெரிதாவதற்கு முந்தைய சென்னையில் 2011 கணக்குப்படி 26,553 பேர். ஏறக்குறைய 25 மடங்கு. மகள் வீடியோவில் வாசலைக் காட்டும்போது தெருவில் ஆளே இல்லையே என்று கவலைப்படும் அம்மாக்களுக்கு இந்த ஒரு வரி போதும். அது ஆளரவமில்லாத ஊர் கிடையாது, அந்த மாநிலத்திலேயே ஜனம் அதிகமுள்ள இடங்களில் ஒன்று. அங்கே ஜனம் பரந்து இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் நிலம் எப்படி இருக்கும் என்று இந்தத் தளம் சொல்லாது. அது வேறு இடத்தில் தேடிப் படித்தது. ராரிடன் ஆறு கவுண்டிக்குள் புகுந்து, நியூ பிரன்சுவிக் நகரத்தைத் தாண்டி, பெர்த் அம்பாய் அருகே விரிகுடாவில் கலக்கிறது. எதிர்க்கரையில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு. ராரிடன் என்பது இங்கே முதலில் வாழ்ந்த லெனாபே மக்களில் ஒரு பிரிவின் பெயர். வுட்பிரிட்ஜ், பெர்த் அம்பாய் பக்கம் நல்ல களிமண். செங்கல், சுடுமண் அலங்காரக் கற்கள் செய்யும் தொழில் அதை வைத்துத்தான் வளர்ந்தது. 1834-இல் டெலவேர் ஆற்றையும் ராரிடனையும் இணைத்து ஒரு கால்வாய் திறந்தார்கள். நம் பக்கிங்ஹாம் கால்வாயைப் போல அதிலும் ஒரு காலத்தில் சரக்குப் படகுகள் ஓடின.

வரலாறும் இந்தத் தளத்தில் இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, அது எண்களுக்கான இடம். ஆனால் எண்ணை மட்டும் படித்தால் ஊர் புரியாது. 1683-இல் உருவான கவுண்டி இது. வுட்பிரிட்ஜுக்கு அதற்கும் முன்பே, 1669-இல், ஊர்ச் சாசனம் கிடைத்துவிட்டது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 1766-இல் குயின்ஸ் கல்லூரி என்ற பெயரில் தொடங்கியது. எடிசன் ஊருக்கு 1954 வரை ராரிடன் டவுன்ஷிப் என்றுதான் பெயர். தாமஸ் ஆல்வா எடிசன் 1876-இல் அந்த ஊரின் மென்லோ பார்க்கில் ஆய்வுக்கூடம் வைத்தார். ஒலிப்பதிவுக் கருவியும் நன்றாக எரியும் மின்விளக்கும் அங்கே பிறந்தவை. அப்புறம் 1887-இல் அவர் இடம் மாறிப் போனது எசெக்ஸ் கவுண்டிக்கு.

என் மனதில் ஆழமாகப் பதிந்தது வேறொருவர் கதை. தாமஸ் மண்டி பீட்டர்சன். பெர்த் அம்பாயில் பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை பார்த்த கறுப்பினத்தவர். நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற பதினைந்தாம் சட்டத்திருத்தம் நடப்புக்கு வந்த மறுநாளே, 1870 மார்ச் 31 அன்று, ஊர்ச் சாசனம் பற்றிய வாக்கெடுப்பில் வாக்களித்தார். அந்தத் திருத்தத்தின் கீழ் வாக்களித்த முதல் கறுப்பின அமெரிக்கர் அவர்தான். அதே 1870-இல் எடுத்த சென்சஸில்தான், அடிமைகளாக இருந்தவர்கள் எல்லோரும் முதல்முறையாகப் பெயரோடு எழுதப்பட்டார்கள். 1790-இல் எடுத்த முதல் சென்சஸில் அடிமைகளுக்குப் பெயர் கிடையாது, ஒரு வீட்டில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும்தான். கணக்கெடுக்கும் ஆள் ஒருவரின் பெயரைக் கேட்டு எழுதுவது எவ்வளவு பெரிய மரியாதை என்பதை, பாலத்தடியில் படுத்திருந்தவர்களிடம் குனிந்து பெயர் கேட்ட நாங்கள் அறிவோம்.

மக்கள்தொகை ஏறிய கதையும் சுவையானது. 1950-இல் கவுண்டியில் சுமார் 2.65 லட்சம் பேர். 1960-இல் சுமார் 4.34 லட்சம். பத்தே வருடத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல். 1951-இல் நியூ ஜெர்சி டர்ன்பைக் என்ற பெரிய நெடுஞ்சாலை வந்தது. நியூயார்க்கில் வேலை, இங்கே தோட்டத்தோடு வீடு என்று குடும்பங்கள் வந்து குவிந்தன. 1956-இல் ஹங்கேரியில் எழுச்சி நசுக்கப்பட்டபோது 30,000-க்கும் மேற்பட்ட அகதிகளை இந்தக் கவுண்டியில் உள்ள கேம்ப் கில்மர் என்ற பழைய ராணுவ முகாமில்தான் முதலில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். 1965-இல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு நம்மவர்கள் வரத் தொடங்கினார்கள். இன்று எடிசனுக்கும் ஐஸ்லினுக்கும் நடுவே போகும் ஓக் ட்ரீ ரோட்டில் புடவைக் கடை, நகைக் கடை, மளிகைக் கடை எல்லாம் வரிசையாக இருக்கின்றன. மகளுக்கு இட்லி அரிசிக்குக் கூட ஊரிலிருந்து எதுவும் கட்டிக் கொடுக்க வேண்டாம்.

சரி, நம்மவர்கள் எத்தனை பேர்? கவுண்டியில் மூன்றில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர், நால்வரில் ஒருவர் ஆசிய இனத்தவர் என்று குவிக்ஃபேக்ட்ஸ் சொல்லும். அதற்கு மேல் பிரிக்காது. சீனர், கொரியர், பிலிப்பினோ, இந்தியர் எல்லோரும் ‘ஆசியர்’ என்ற ஒரே வரியில் நிற்பார்கள். கணக்கெடுப்புப் படிவத்தில் இந்தியருக்குத் தனிக் கட்டம் உண்டு. 2020-இல் நாடு முழுவதும் அதை மட்டும் குறித்தவர்கள் சுமார் 44 லட்சம் பேர். ஆசியப் பிரிவுகளில் அதுவே பெரியது. அந்தப் பிரிவுகளைப் பார்க்க, அதே துறையின் பெரிய தரவுத் தளத்துக்குப் போக வேண்டும். அங்கே வீட்டில் பேசும் மொழி பற்றிய விரிவான அட்டவணையில் தமிழுக்குத் தனி வரி இருக்கிறது, தெலுங்குக்கும் இருக்கிறது. 2016 முதல்தான் இப்படி. மாநில அளவில் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்று படிவத்தில் நிரப்பினால்தான் அந்த வரி வளரும். மகளிடம் இதைச் சொன்னேன். “அந்த ஃபார்ம் வந்தா தமிழ்னே எழுதறேம்மா” என்றாள்.

இன்னொரு சேவையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால்தான் ருசி. அமெரிக்காவில் ஒரு சென்சஸின் தனிநபர் விவரங்கள் 72 வருடம் பூட்டி வைக்கப்படும், பிறகு எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள். 1950 சென்சஸின் தாள்களை அவர்களுடைய தேசிய ஆவணக் காப்பகம் 2022 ஏப்ரல் 1 அன்று இணையத்தில் இலவசமாக வைத்தது. நான் ராரிடன் டவுன்ஷிப் தாள்களைத் திறந்தேன். ஒரு தாளுக்கு 30 வரி. குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், வயது, பிறந்த இடம், என்ன வேலை. எல்லாம் பேனாவால் எழுதிய கையெழுத்து. ஓரிடத்தில் வயதை அடித்து மேலே திருத்தியிருக்கிறார்கள். கீழே வர வர எழுத்து சாய்ந்து நெருங்கிக்கொண்டே போகிறது. கை வலித்திருக்கும், எனக்குத் தெரியும். நம் நாட்டில் 1948 சென்சஸ் சட்டப்படி தனிநபர் தாள்களை யாரும் பார்க்க முடியாது. அந்தப் பாதுகாப்பு அவசியமானதுதான். ஆனாலும் எழுபது, எண்பது வருடம் கழித்தாவது பேரப்பிள்ளைகள் பார்க்க வழி இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பயன்படுத்தப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கணினியில் பாருங்கள், ஆறு பத்தி அட்டவணை போன் திரைக்கு அகலம். தளம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆனால் வரித் தலைப்புகள் எளிய சொற்கள், ஒருமுறை யாராவது கூட உட்கார்ந்து காட்டினால் பிடிபட்டுவிடும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் உள்ள சின்ன வட்டக் குறியை அமுக்கினால் அந்த எண் எதிலிருந்து வந்தது, எதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று விளக்கம் வரும். அதைப் படிக்காமல் எந்த எண்ணையும் வெளியே சொல்லாதீர்கள். ஏனென்றால் எல்லா வரியும் ஒரே வகை கிடையாது. ஏப்ரல் 1 என்று போட்டிருந்தால் அது பத்து வருடத்துக்கு ஒருமுறை ஆளை எண்ணியது. ஜூலை 1 என்றால் பிறப்பு, இறப்பு, குடிபெயர்வை வைத்து ஆண்டுதோறும் போடும் மதிப்பீடு. வருமானம், மொழி, பயண நேரம் எல்லாம் மாதிரி ஆய்விலிருந்து வருபவை. பழைய வருடங்களோடு ஒப்பிடும்போது எல்லைகளையும் பாருங்கள். 1838-இல் மெர்சர் கவுண்டியை உருவாக்கியபோது மிடில்செக்ஸிலிருந்தும் நிலம் போனது. கனெக்டிகட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அங்கே 2022 முதல் புள்ளிவிவரத்துக்குப் பழைய எட்டு கவுண்டிகளை விட்டுவிட்டு ஒன்பது திட்டமிடல் வட்டாரங்களாக மாற்றிவிட்டார்கள்.

ஐந்துக்கு நாலரை மதிப்பெண் கொடுக்கிறேன். முதல் பக்கத்திலேயே ஆசியரைப் பிரித்துக் காட்டினால் மீதி அரையையும் கொடுத்துவிடுவேன்.