நிறம் குறையும் டைமர்: காத்திருக்கப் பழக்க நல்லது, ஓசிடி என்றால் கவனம்

வட்ட முகப்பில் ஒரு வண்ணத் தகடு. குமிழைத் திருப்பி நேரம் வைத்தால், வண்ணம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி மறையும். அவ்வளவுதான் பொருள். ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளையிடம் "அஞ்சு நிமிஷம் பொறு" என்று வாயால் சொல்வது பல நேரம் எடுபடாது. எவ்வளவு மீதி என்று கண்ணுக்குத் தெரிந்தால் தாக்குப்பிடிக்கும். அந்த வேலையை இது நன்றாகவே செய்கிறது.

பரவலாகக் கிடைப்பது 60 நிமிட வட்டம். அதில் 2 நிமிடம் என்பது வெறும் 12 பாகை, மெல்லிய கீற்று. தொடக்கத்தில் தேவைப்படுவதோ அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரைதான். அதனால் முழு வட்டமே 5 அல்லது 10 நிமிடமாக இருப்பதைத் தேடி வாங்குங்கள். 60 நிமிட ஸ்பிரிங் மாடல்களில் குறைந்த நேரம் சரியாக ஓடாது; குமிழை 10 நிமிடத்தைத் தாண்டித் திருப்பிவிட்டுப் பின்னால் கொண்டுவர வேண்டும். டிக்டிக் சத்தம் சில பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது. மணியை அணைக்க வழியில்லாத டைமர் வேண்டாம். கைப்பேசி ஆப்பும் வேண்டாம்: பாதி அழுகை அந்தக் கைப்பேசிக்காகத்தானே!

பிடித்த பொருளை வைத்தே பழக்குங்கள். முதலில் அரை நிமிடம். வண்ணம் மறைந்த நொடியே பொருள் கைக்கு வர வேண்டும். அதில் தாமதித்தால் டைமர் மேல் நம்பிக்கை போய்விடும். அரை நிமிடம் பலமுறை அமைதியாகப் போன பிறகு ஒரு நிமிடம், அப்புறம் இரண்டு. அழுகிறான் என்று நடுவில் நேரத்தைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. தண்டனைக்கோ, கையை உதறுவது, ஆடுவது போன்றவற்றை அடக்கவோ இதை எடுக்காதீர்கள். அந்த அசைவுகளால்தான் பல பிள்ளைகள் தங்களைச் சமாளித்துக்கொள்கிறார்கள்.

ஓசிடியில் (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலை மறுபடி மறுபடி செய்யத் தூண்டும் மனநலப் பிரச்சினை) கதை வேறு. "2 நிமிஷம்தான் கை கழுவணும்" என்று டைமர் வைப்பது பெற்றோர் வழக்கமாகச் செய்யும் தவறு. அது புதுச் சடங்காகிவிடும்: முள் கோட்டின் மேல் துல்லியமாக நிற்க வேண்டும், நடுவில் யாராவது பேசினால் முதலிலிருந்து கழுவ வேண்டும். கழுவும் நேரத்தை அளக்காமல், கழுவுவதைத் தள்ளிப்போட இதைப் பயன்படுத்தலாம். உந்துதல் வந்ததும் 2 நிமிடம், முடிந்ததும் "இன்னும் ரெண்டு நிமிஷம் முடியுமா?" என்று கேளுங்கள். பதற்றம் அதற்குள் தணிந்தே ஆக வேண்டும் என்றில்லை. பதற்றம் இருக்கும்போதே கழுவாமல் இருக்க முடிகிறது என்பதைப் பிள்ளை உணர்வதுதான் பயிற்சி. எதைத் தள்ளிப்போடுவது, எவ்வளவு நேரம் என்பதைத் தெரபிஸ்டோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

காத்திருக்கப் பழகிய பின் டைமரின் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துப் பாருங்கள். எட்டிப் பார்க்காமல் பாதி நேரம் இருந்தால், அந்தச் சூழலுக்கு மட்டும் டைமரை எடுத்துவிடலாம். கடையில் வரிசையில் நிற்கவும், ஊஞ்சலில் தன் முறை வரக் காத்திருக்கவும் தனித்தனியாகத்தான் பழக்க வேண்டும். ஒன்றில் வந்தது மற்றதில் தானாக வராது.