சாலை அடித்தளத்துக்குக் கருங்கல் ஜல்லியா, இடிபாட்டு ஜல்லியா?

தாருக்கு அடியில் போகும் ஜிஎஸ்பி (ஜல்லியால் ஆன, நீர் வடியவிடும் அடித்தள) அடுக்குக்கு, இடித்த கான்கிரீட்டை உடைத்தெடுத்த ஜல்லியே போதும். இந்திய சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 121 (2017) கையேடு இதற்கு வழிகாட்டுகிறது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் உடைக்கும் ஆலைகள் உள்ளன.

முக்கிய வேறுபாடு தண்ணீரில். கருங்கல் பெரும்பாலும் 1 சதவீதத்துக்குள் உறிஞ்சும். இடிபாட்டு ஜல்லியோ, ஒட்டியிருக்கும் பழைய காரையால், 4 முதல் 8 சதவீதம் வரை குடிக்கும். கருங்கல்லுக்குக் கண்ட ஈரப்பதத்தையே இதற்கும் வைத்தால் ரோலர் எத்தனை முறை ஓடினாலும் ஆய்வகத்தில் கண்ட உச்ச அடர்த்தியில் 98 சதவீதம் எட்டாது. முந்தின நாளே குவியலை நனையுங்கள். எந்த ஈரப்பதத்தில் ஜல்லி நன்றாக இறுகும் என்று காட்டும் பிராக்டர் சோதனையை இதற்குத் தனியே செய்யுங்கள். அதிர்வு ரோலரை அளவுக்கு மீறி ஓட்டினால் காரை தூளாகி, அடுக்கில் நீர் வடியும் வழி அடைபடும். அதே தூளில் மீந்த சிமென்ட் இறுகி, நாள்பட வலு கூடுவதும் உண்டு. கருங்கல்லில் அது கிடையாது.

செங்கல் மிகுந்த சரக்கு, சாலையைத் தாங்கும் மண்கரையை நிரப்பத்தான் லாயக்கு. ஜிப்சம் பலகை கலந்தால் சல்பேட் வீக்கத்தில் சாலை மேடு தட்டும். மரத்துண்டு மக்கினால் குழி விழும். கையால் பொறுக்கும் கட்டத்தில் கஞ்சத்தனம் கூடாது.

தார்க்கலவை மேலடுக்குக்கு மட்டும் கருங்கல்லே நல்லது: காரை ஒட்டிய ஜல்லி தாரையும் கூடுதலாகக் குடித்துவிடும்.