நகர மையத்தில் அன்றாடக் கடைகள்: எந்த வழி நிற்கும், எது சாயும்?

நலிந்த நகர மையத்தைப் பற்றிப் பேசும்போது 'காலிக் கடைகளை எப்படி நிரப்புவது?' என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். நிரப்புவது அவ்வளவு கடினமில்லை. காபிக் கடையோ பரிசுப் பொருள் கடையோ மாலையில் மட்டும் திறக்கும் மதுக்கூடமோ எப்படியும் வந்துவிடும். ஆனால் அதே தெருவின் மாடியில் குடியிருப்பவருக்குத் தலைவலி மாத்திரை, பல்பு, குழந்தைக்குக் காலுறை, கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வேண்டுமென்றால் காரை எடுத்துக்கொண்டு புறவழிச்சாலைக்குப் போக வேண்டியிருக்கிறது. கார் இல்லாதவருக்கும் முதியவருக்கும் அதுவும் வாய்ப்பதில்லை. இப்படிப்பட்ட கடைகளைத் திரும்பக் கொண்டுவருவதற்கு நகராட்சிகள் கையில் எடுக்கும் வழிகளைத்தான் இங்கே எடைபோடுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. மளிகை, மருந்து, வீட்டுச் சாமான் விற்பவர்களுக்கு ஒரு பொருளில் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. சூப்பர் மார்க்கெட்டுகளின் நிகர லாபம் விற்பனையில் மூன்று சதவீதத்தைத் தாண்டுவதே அரிது. அதே ஆட்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வந்தால்தான் கடை ஓடும். மதிய இடைவேளையில் மட்டும் வெளியே வரும் அலுவலக ஊழியரும், ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவுக்கு வருபவரும் அந்தக் கணக்கை நேராக்க மாட்டார்கள். எந்தத் திட்டத்தையும் இந்த உரைகல்லில்தான் உரசிப் பார்க்க வேண்டும்.

அரசியல்வாதிகளுக்கு மிகவும் பிடித்த வழி, மானியம் கொடுத்துப் பெரிய கடை ஒன்றை அழைத்து வருவது. ரிப்பன் வெட்டலாம், படம் எடுக்கலாம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம் 1990களின் இறுதியில் இதைத்தான் செய்தது. பல கோடி டாலர் பொதுப்பணத்தின் துணையோடு லாசரஸ் பல்பொருள் அங்காடி 1998இலும், லார்ட் அண்ட் டெய்லர் 2001இலும் நகர மையத்தில் திறந்தன. 2004இல் இரண்டுமே மூடப்பட்டன. நகரம் கட்டடத்துக்குப் பணம் கொடுத்தது. வாடிக்கையாளர்கள் அதனுடன் சேர்ந்து வரவில்லை. மூடும் முடிவும் அந்த ஊரில் எடுக்கப்படுவதில்லை. எங்கோ இருக்கும் தலைமை அலுவலகம் எந்தக் கிளை இலக்கை எட்டவில்லை என்று பார்க்கிறது, அந்தக் கிளையின் பெயரை அடித்துவிடுகிறது. அதன்பின் நகரத்தின் கையில் மிஞ்சுவது வேறு யாருக்கும் பொருந்தாத, பல மாடி உயர்ந்த வெற்றுக் கூடம். பொதுப்பணத்தை இதைவிட மோசமாகச் செலவிட வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு நேர் எதிரான வழி, ஊர் மக்களே பங்கு போட்டுக் கடை திறப்பது. நியூயார்க் மாநிலத்தின் சரனாக் லேக் சுமார் ஐயாயிரம் பேர் வாழும் மலை ஊர். அங்கிருந்த ஏம்ஸ் பல்பொருள் கடை 2002இல் மூடப்பட்டது. உள்ளாடையும் போர்வையும் வாங்கக்கூட மக்கள் நெடுந்தொலைவு போக வேண்டியதாயிற்று. வால்மார்ட் வர விரும்பியபோது ஊரில் கடும் எதிர்ப்பு எழுந்தது. பிறகு பங்கு ஒன்றுக்கு நூறு டாலர் என்று வைத்து, ஒருவர் பத்தாயிரம் டாலருக்கு மேல் போட முடியாது என்ற வரம்போடு, நூற்றுக்கணக்கானவர்களிடம் சுமார் ஐந்து லட்சம் டாலர் திரட்டினார்கள். 2011 அக்டோபரில் கடை திறந்தது. இதற்கு முன்னோடியாக வயோமிங் மாநிலத்தின் பவல் என்ற சிற்றூர் 2002இலேயே இத்தகைய கடையைத் தொடங்கியிருந்தது.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது உற்சாகத்தைவிட அதன் கணக்குதான். பங்குதாரரே வாடிக்கையாளர். எந்தப் பொருள் ஊரில் கிடைக்கவில்லை என்பதை அவர் தன் வீட்டுத் தேவையிலிருந்தே சொல்கிறார். லாபம் சொற்பமாக இருந்தாலும் கடையை மூடச் சொல்லும் தலைமை அலுவலகம் எதுவும் இல்லை. குறைகளும் உண்டு. பணம் திரட்டுவதற்கே ஆண்டுகள் ஆகின்றன. சிறிய கடை மொத்த விற்பனையாளரிடம் விலை பேசும்போது அதன் கை தாழ்ந்தே இருக்கும். தன்னார்வலர்கள் சில ஆண்டுகளில் களைத்துவிடுவார்கள்; சரக்குக் கொள்முதல் தெரிந்த, சம்பளம் வாங்கும் மேலாளர் இல்லாமல் இத்தகைய கடை நீடிக்காது. பெருநகரத்தில் அண்டை வீட்டார் பெயரே தெரியாத நிலையில், பங்கு திரட்டுவதும் இதைவிடக் கடினம்.

மூன்றாவது வழி, கட்டட உரிமையாளரை நெருக்குவது. ஒரு கடை ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கும்போது வாடகையைக் குறைக்க ஏன் மறுக்கிறார்கள் என்று பலரும் வியக்கிறார்கள். கட்டடத்தின் மதிப்பு, அது ஈட்டக்கூடிய வாடகையை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. அந்த மதிப்பை நம்பித்தான் வங்கி கடன் கொடுத்திருக்கிறது. வாடகையைக் குறைத்தால் மதிப்பு இறங்கி, கடன் சிக்கலாகலாம். காலியாகக் கிடந்தால் 'நல்ல வாடகைதாரருக்காகக் காத்திருக்கிறோம்' என்று சொல்லிக்கொள்ளலாம். இதை உடைக்கவே சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்கள் 2020 மார்ச்சில் காலிக் கடை வரிக்கு ஒப்புதல் அளித்தார்கள். ஆண்டில் 182 நாட்களுக்கு மேல் காலியாக இருந்தால், தெருமுகப்பின் ஒவ்வோர் அடிக்கும் 250 டாலர். தொடர்ந்து காலியாக வைத்திருந்தால் அது ஆயிரம் டாலர் வரை உயரும்.

இங்கிலாந்து வேறு மாதிரி முயல்கிறது. 2024 டிசம்பர் முதல், இரண்டு ஆண்டுகளுக்குள் 365 நாட்களுக்கு மேல் காலியாக இருந்த கடையின் குத்தகை உரிமையை உள்ளூர் மன்றமே ஏலம் விடலாம். குத்தகைக் காலம் ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை. இரண்டில் எனக்கு ஏலமே மேல் என்று படுகிறது. வரியைக் கட்டிவிட்டுச் சும்மா இருக்கும் உரிமையாளரை வரியால் அசைக்க முடியாது. ஏலத்தின் முடிவில் யாரோ ஒருவர் கையில் சாவி வருகிறது. ஆனால் அந்த யாரோ ஒருவர் மருந்து விற்பவராக இருக்க வேண்டும் என்று ஏலத்தொகை மட்டும் உறுதி செய்யாது. பிரான்சில் அதற்கும் ஒரு கருவி உண்டு. 2005 முதல், குறிப்பிட்ட பகுதியில் ஒரு கடை விற்பனைக்கு வரும்போது நகராட்சியே முந்திக்கொண்டு அதை வாங்கி, தெருவுக்குத் தேவையான தொழில் செய்பவருக்குக் கைமாற்றலாம். எந்தக் கடை வேண்டும் என்பதை நேரடியாகத் தொடும் ஒரே முறை இதுதான்.

தெருவை அழகுபடுத்தும் திட்டங்களுக்கு அதிக இடம் தர மாட்டேன். அமெரிக்காவின் கலமாசூ நகரம் 1959இல் தன் கடைத்தெருவைக் காருக்கு மூடியது, 1998இல் ஒரு பகுதியை மீண்டும் திறந்தது. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனின் ஸ்ட்ரூயட் தெரு 1962இல் நடைபாதையாகி இன்றும் செழிக்கிறது. ஆனால் கோபன்ஹேகனில் அந்தத் தெருவைச் சுற்றி மக்கள் குடியிருக்கிறார்கள். கல் பதிப்பதும் பூந்தொட்டி வைப்பதும் இருக்கும் கூட்டத்தைத் தங்கவைக்கும். இல்லாத கூட்டத்தைப் படைக்காது.

ஆகவே என் வாக்கு வீடுகளுக்குத்தான். லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1999இல் ஒரு விதி கொண்டுவந்தது: நகர மையத்தின் பழைய அலுவலகக் கட்டடங்களை, கூடுதல் கார் நிறுத்துமிடம் கேட்காமலே, வீடுகளாக மாற்றலாம். குடியிருப்போர் பெருகினார்கள். 2007இல் ரால்ஃப்ஸ் சூப்பர் மார்க்கெட் திறந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே அப்படி ஒன்று வந்ததில்லை. 2012இல் டார்கெட் என்ற பல்பொருள் அங்காடி நிறுவனத்தின் நகர்ப்புறக் கிளையும் வந்தது. பிட்ஸ்பர்க்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: இங்கே ஆள் முதலில் வந்தார், கடை பின்னால் வந்தது.

இதன் பெரிய குறை காலம். விதி வந்த பிறகு சூப்பர் மார்க்கெட்டுக்கு எட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் நான்கு சுவருக்குள் இருக்கும் முதியவர் எங்கே மருந்து வாங்குவார்? இன்னொரு குறை, புதிய வீடுகள் வசதி படைத்தவர்களுக்கானவையாக மாறி, ஏற்கெனவே அங்கிருந்த ஏழைகளின் வாடகை ஏறுவது. இந்த இரண்டையும் பேசாமல் 'வீடு கட்டினால் போதும்' என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. பெரிய நகரம் என்றால், வீடுகள் எழும் அந்த இடைக்காலத்துக்குக் குத்தகை ஏலமும் நகராட்சிக் கொள்முதலும் வேண்டும். சிற்றூர் என்றால் மாடி வீடுகளுக்குக் காத்திருக்காமல் பங்குக் கடையையே முதலில் தொடங்கலாம். அங்கே கடையைச் சுமக்க மக்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

எந்த ஊரானாலும், ஒரு கையால் மையத்துக்குப் பணம் கொடுத்து மறு கையால் புறவழிச்சாலையில் பெருங்கடைக்கு அனுமதி கொடுப்பது நிற்க வேண்டும். பிரான்ஸ் 2018இல் 222 ஊர்களின் மையங்களுக்குச் சுமார் 500 கோடி யூரோத் திட்டத்தை அறிவித்த அதே ஆண்டில், இத்தகைய ஊர்களின் புறநகர்க் கடைத் திட்டங்களை அரசுப் பிரதிநிதி நிறுத்திவைக்கவும் சட்டம் செய்தது. அதோடு, புதிதாக எழும் குடியிருப்புகளின் தரைத்தளத்தையும் வரைபடத்திலேயே கவனிக்க வேண்டும். பளபளக்கும் கண்ணாடிக் கூடங்களை மட்டும் கட்டி, வங்கிக் கிளைக்கோ உடற்பயிற்சிக் கூடத்துக்கோ தருவதுதான் வழக்கமாக இருக்கிறது. இரும்புச் சாமான் விற்பவருக்குத் தேவைப்படுவது சிறிய அறை, பின்னால் ஒரு கிடங்கு, லாரி நின்று சரக்கு இறக்க ஒரு வாசல். கட்டட அனுமதி கொடுக்கும் நாளிலேயே இவற்றை நிபந்தனையாக எழுதிவிட வேண்டும்; கட்டி முடித்தபின் கேட்டால் யாரும் சுவரை இடிக்கப் போவதில்லை.