பாமாலைக்காகப் போகலாம்: பாளையங்கோட்டையில் ஒரு துதிப்பாடல் மாலை

பாளையங்கோட்டையில் பல சபைகளின் கொயர்கள் (பாடகர் குழுக்கள்) சேர்ந்து, இசைக்குழுவோடு நடத்திய துதிப்பாடல் நிகழ்ச்சி இது. ஏறக்குறைய 60 குரல்கள். வயலின்கள், செல்லோ, புல்லாங்குழல், இரண்டு டிரம்பெட், கீபோர்டு, மிருதங்கம். முதல் பாதி பாமாலை (மேல்நாட்டு மெட்டில் பாடும் தமிழ்த் துதிப்பாடல்கள்), இரண்டாம் பாதி கீர்த்தனை (ராக, தாளத்தில் அமைந்த கிறிஸ்தவப் பாடல்கள்). நுழைவுக் கட்டணம் இல்லை. நடுவில் காணிக்கை எடுத்தார்கள். பாமாலைப் பகுதிக்காக மட்டுமே போனாலும் வீண் இல்லை. கீர்த்தனையில் இன்னும் நிறைய வேலை இருக்கிறது.

பாமாலையில் முதலில் மனதைத் தொட்டது உச்சரிப்பு. மேல்நாட்டு மெட்டில் தமிழ்ச் சொற்களைப் பாடும்போது குறில் நெடிலாகி, கிருபை ‘கிரூபை’ ஆகிவிடுவது வழக்கம். இங்கே ஸ்வரம் நீண்டாலும் சொல் சிதையவில்லை. ‘மகிமை’யின் கடைசி எழுத்தில் உள்ள ஐகாரத்தை அ, இ என்று பிரித்து, அகரத்தைப் பிடித்து நிறுத்தி, நடத்துநர் கையை மூடும் கணத்தில்தான் இகரத்தைச் சேர்த்தார்கள். 60 பேரும் ஒரே நேரத்தில்! எதிரொலி அதிகமுள்ள கல் கட்டட ஆலயத்தில் இந்தப் பயிற்சி இல்லாவிட்டால் வரி முடிவெல்லாம் குழம்பிப்போகும். டெனார் (உயர்ந்த ஆண்) குரல்கள் குறைவு (எந்த ஊர்க் கொயரில்தான் நிறைவாக இருக்கிறது?). அவர்களை ஓரத்தில் ஒதுக்காமல் நடுவில் முன்வரிசையில் நிறுத்தியது சரியான முடிவு. கடைசிச் சரணத்தில் கூடியிருந்த சபையார் மெட்டைப் பாட, சொப்ரானோ (உயர்ந்த பெண் குரல்) மட்டும் மேலே தனி மெட்டு எடுத்த இடம் அருமை.

சபையும் சேர்ந்து பாட வேண்டிய பாடல்களில் ஸ்கேலை (எந்த ஸ்ருதியில் தொடங்குவது என்பதை) கவனித்திருக்கலாம். ஒரு பாடலின் உச்ச ஸ்வரம் எஃப் வரை போனது, பெஞ்சுகள் மௌனமாகிவிட்டன. பயிற்சி இல்லாதவர்களுக்கு உச்ச ஸ்வரம் அதைவிடத் தாழ்ந்த டி என்றால் வசதி, ஈ ஃப்ளாட் எல்லை. நம் கொயர்கள் பலவும் டானிக் சால்ஃபா (டோ, ரே, மி என்று எழுதும் முறை) பார்த்துப் பாடுவதால் அவர்களுக்கு ஸ்கேலை இறக்குவது ஒரு சிரமமே இல்லை. ‘டோ’ எங்கே என்று சொன்னால் போதும். சிக்கல் இசைக்குழுவுக்குத்தான், தாள்களைத் திரும்ப எழுத வேண்டும். டி மேஜர் என்றால் வயலினுக்குத் திறந்த தந்திகள் கைகொடுக்கும். பி ஃப்ளாட் டிரம்பெட்டுக்கோ (அதன் தாளை ஒரு முழு ஸ்வரம் மேலே எழுத வேண்டும்) அதுவே நான்கு ஷார்ப் உள்ள ஈ மேஜர். ஈ ஃப்ளாட்டில் வைத்தால் டிரம்பெட்டுக்கு ஒரே ஒரு ஃப்ளாட். ஆகவே ஒத்திகைக்கு முன்பே ஸ்கேலை முடிவு செய்துவிட வேண்டும்.

கீர்த்தனைக்கு வருவோம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து ராகமும் தாளமுமாக வளர்ந்த பாட்டு இது. எட்வர்ட் வெப் 1853-இல் தொகுத்து அச்சிட்ட பிறகு சபைகளில் இன்னும் பரவியது. இதற்கு நான்கு குரல் இசை கூட்டும்போது ராகத்தைப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும். சங்கராபரணத்தில் அமைந்த கீர்த்தனை நன்றாக எடுபட்டது. அது மேஜர் ஸ்கேல்தான், கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) உறுத்தாது. மோகனத்தில் வந்தது கெட்டது. அந்த ராகத்தில் மத்தியமமும் (ம) நிஷாதமும் (நி) கிடையாது. நான்காம் கார்டு போட்டால் மத்தியமம் நுழைகிறது, ஐந்தாம் கார்டில் நிஷாதம். இரண்டையும் தாராளமாகப் போட்டதால் மோகனம் காணாமல் போயிற்று. செல்லோவுக்கு ஸட்ஜம்–பஞ்சமம் (ஸ, ப) மட்டும் கொடுத்து, கொயரை ஒரே மெட்டில் பாடவிட்டிருந்தால் போதும். ஆனந்தபைரவியில் வேறு தொல்லை. காந்தாரத்தை (க) வயலின் கமகத்தோடு, அதாவது அசைவோடு இழைக்க, கீபோர்டு அதையே அசையாத கட்டையில் அழுத்தியது. அந்த இடத்தில் கீபோர்டு சும்மா இருப்பதே நல்லது.

ஏழு அடித் தாளமான மிஸ்ர சாபுவில் நடத்துநர் ஏழு அடியையும் தனித்தனியாகக் காட்டினார். மிருதங்கமோ 3+4 என்று சாய்ந்து நடக்கும். கொயர் கையைப் பார்ப்பதா, காதால் கேட்பதா என்று திணறி ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் (தாளச் சுற்றிலும்) பின்தங்கியது. 3, 2, 2 என்று மூன்று வீச்சாகக் காட்டினால் இந்தத் தடுமாற்றம் வராது.

மைக் அமைப்பில் பெரிய மாற்றம் தேவை. முன்வரிசைக்கு முன்னால் ஆறு சாதாரண மைக்குகளை ஸ்டாண்டில் வைத்திருந்தார்கள். கேட்டது ஆறு பேரின் குரல். ஆல்ட்டோ (தாழ்ந்த பெண் குரல்) வரிசை முழுதும் மறைந்துவிட்டது. இத்தனை பேருக்கு மூன்று கண்டென்சர் மைக் (தூரத்துக் குரலையும் நுட்பமாகப் பிடிக்கும் வகை) போதும். முன்வரிசைக்கு இரண்டு மூன்று அடி முன்னால், தலைக்கு மேலே, பின்வரிசையைப் பார்த்தபடி நிறுத்த வேண்டும். பாடுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது இரண்டு மைக்குகளுக்கு இடையே இருக்க வேண்டும். நெருங்கினால் ஒரே குரல் இரண்டில் விழுந்து ஒலி பொந்தாகிவிடும். டிரம்பெட்டுக்கு மைக்கே வேண்டாம்.

இன்னொன்று, இடைவேளைக்குப் பின் ஸ்ருதி. மைக்கில் இரைச்சல் வருகிறது என்று மின்விசிறிகளை நிறுத்தியதும் ஆலயம் சூடேறியது. சூட்டில் புல்லாங்குழலும் டிரம்பெட்டும் மேலே ஏறும், வயலின் தந்தி தளர்ந்து கீழே இறங்கும், கீபோர்டு அசையாது. மறுபடி ஸ்ருதி சேர்க்காமலே கீர்த்தனையைத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தால் பாதிக் குறை தீர்ந்திருக்கும்.

போகிறவர்கள் பால்கனிக்கு அடியில் உட்கார வேண்டாம்; அங்கே வயலின் மங்கி, ஸ்பீக்கர் ஒலிதான் கேட்கும். முன்பகுதியிலும் இல்லாமல் நடு ஆலயத்தில், நடைபாதையை ஒட்டிய பெஞ்சு நல்ல இடம். பாட்டுத்தாளில் எழுத்து சிறியது, வயதானவர்கள் கண்ணாடியை மறக்க வேண்டாம்.