கிராவல் சைக்கிள் ஷூ: சேறும் கல்லும் பார்த்த பிறகு

கிராவல் என்றதும் நம்மூரில் லாரியில் வந்து கொட்டும் செம்மண்தான் நினைவுக்கு வரும். தார் போடாத சல்லிப் பாதைகளில் ஓட்டும் கிராவல் சைக்கிள் ஓட்டத்துக்குப் பேர்போன அமெரிக்காவின் கான்சாஸ் மாநில ஃபிளிண்ட் ஹில்ஸில் அது கத்தி முனை போன்ற சிக்கிமுக்கிக்கல் சல்லி. மழை பெய்துவிட்டால் இடையிடையே ஒட்டுக் களிமண். அங்கே நடந்த 2023 அன்பவுண்ட் கிராவல் பந்தயத்தில் தொடக்கத்திலேயே சேறு சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, பலர் வண்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஷூ வாங்கும்போது மனதில் இருக்க வேண்டியது அந்த நடைதான்.

பெட்டியில் சோலின் விறைப்புக்கு ஓர் எண் போட்டிருக்கும். அது அந்தந்தக் கம்பெனியின் சொந்தக் கணக்கு. ஒன்றின் 8, இன்னொன்றின் 8 ஆகாது. முழு கார்பன் சோல் மிதிக்கும்போது சுகம். மேட்டில் வண்டியைத் தள்ளிப்போனால் சோல் வளையாது, ஒவ்வோர் அடிக்கும் குதிகால் ஷூவைவிட்டு எழும்பும், நாலு கிலோமீட்டரில் கொப்புளம். பந்தயத்தில் இடம் பிடிக்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கு, விரல் பக்கம் கொஞ்சம் வளையும் நைலான் சோலே போதும். மிச்சமாகும் காசில் நல்ல இன்சோல் (ஷூவுக்குள் பாதத்தின் அடியில் போடும் மெத்தை) வாங்கலாம்.

அளவைச் சாயங்காலம் பாருங்கள், பாதம் சற்று வீங்கியிருக்கும். ஓட்டும்போது போடும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். நீளம் சரியாக இருந்து அகலம் இறுக்கினால், ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது தீர்வல்ல, குதிகால் ஆடும். அதே மாடலில் அகலப் பதிப்பு கேளுங்கள்.

ஷூவைப் பெடலோடு பிணைக்க சோலின் அடியில் மாட்டும் இரும்புத் துண்டான கிளீட்டில்தான் தொல்லைகள் அதிகம். கிராவல் ஷூக்களில் பெரும்பாலும் இரண்டு போல்ட்டில் மாட்டும், ஷிமானோ கம்பெனியின் எஸ்பிடி வகை. பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் அடியில் பாதத்தின் இரு ஓரங்களில் முண்டும் எலும்புகளை ஷூவின் வெளியே மார்க்கரால் குறித்து, பெடல் அச்சு அந்த இரண்டு குறிகளுக்கும் நடுவே வருமாறு வையுங்கள். நெடுந்தூரத்தில் பாதம் எரிந்தால் 2, 3 மில்லிமீட்டர் குதிகால் பக்கம் தள்ளுங்கள். போல்ட் மரையில் கிரீஸ் தடவி, 4 எம்எம் ஆலன் கீயால் 5–6 நியூட்டன் மீட்டர் வரை முடுக்கி, முதல் ஓட்டம் முடிந்ததும் மறுபடி சரிபாருங்கள். கிரீஸ் இல்லாமல் மாட்டினால் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து இறுகிவிடும். அப்புறம் போல்ட் தலை வழுக்கும். அதற்குப் பெரும்பாலும் காரணம், தலைக்குழியில் கெட்டித்த மண்ணோடு கீயை அரைகுறையாக நுழைப்பதுதான். ஊக்கால் குழியைச் சுரண்டிவிட்டுத்தான் கீ. ஏற்கெனவே வழுக்கிவிட்டதா? நட்சத்திர முனை கொண்ட டி25 டார்க்ஸ் பிட்டைச் சுத்தியலால் லேசாகத் தட்டி இறக்கித் திருப்புங்கள், பெரும்பாலும் கழன்றுவிடும்.

கிளீட்டைச் சுற்றியுள்ள ரப்பர் குமிழ்களையும் கவனியுங்கள். புதிதில் அவை உயரமாக இருந்து பெடலில் உரசினால் காலைக் கழற்றுவது கடினம். கிளீட்டுக்கும் சோலுக்கும் நடுவே 1 மில்லிமீட்டர் தகடு வைத்தால் சரியாகும். தேய்ந்துபோன பின் நேர் எதிர்: பாறையில் நடக்கையில் இரும்பு கிளீட் கல்லைத் தொட்டு வழுக்கும். கேட்காமலே கால் பெடலிலிருந்து கழன்று வந்தால் பெடலின் பிடிப்பை முடுக்கும் முன் கிளீட்டின் முன்விளிம்பைப் பாருங்கள். தேய்ந்து கூராகியிருந்தால் மாற்றும் வேளை.

நனைந்தால் இன்சோலை உருவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஒரு மணி நேரத்தில் தாளை மாற்றி, நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலில் காரின் பின்கண்ணாடி ஓரம் வைப்பவர்கள் ஏராளம். சோல் பசை முதலில் விரல் நுனியில் வாய் பிளப்பது அப்படித்தான். வாஷிங் மெஷினும் அதே வேலையைத்தான் செய்யும். வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். நாடாவுக்குப் பதில் மெல்லிய கம்பியை இறுக்கும் சுழற்று டயல் உள்ள ஷூவானால் அதன் அடியில் சேரும் மணலை ஓடும் நீரில் கழுவிவிடுங்கள். மணலோடு திருகினால் அந்தக் கம்பி அறுந்து நடுவழியில் ஷூ திறந்துகொள்ளும். கிளீட் துளை வழியாகத் தண்ணீர் ஏறுகிறதென்றால், இன்சோலுக்கு அடியில் அந்தத் துளைகள் மேல் நீர்புகா டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள்.