ஹீட்மேப்பை நம்பி நான்கு அறைகளை இடித்தோம்

அலுவலகத்தை மாற்றியமைக்கும் முன், எந்த இடம் புழக்கத்தில் இருக்கிறது, எது சும்மா கிடக்கிறது என்று அளந்து தர ஒரு நிறுவனத்தை அமர்த்தினோம். பெயர் வேண்டாம். "புதுக் கருவி எதுவும் மாட்ட வேண்டாம், இருக்கிற வைஃபையே போதும், ஒரு மீட்டர் துல்லியம்" என்றார்கள். அப்போதே நான் எழுந்து போயிருக்க வேண்டும்.

ஆறு வாரத்தில் ஹீட்மேப் வந்தது: ஆள் புழக்கம் அதிகமுள்ள இடத்தைச் சிவப்பாகவும் குறைந்த இடத்தை நீலமாகவும் காட்டும் வரைபடம். நடைபாதை முழுக்கச் சிவப்பு. ஓரத்துச் சிறு மீட்டிங் அறைகள் ஐந்தும் நீலம். "உங்கள் ஆட்கள் நடைபாதையில்தான் கூடிப் பேசுகிறார்கள்" என்று விளக்கம் வேறு. நான்கு அறைகளை இடித்து, நடைபாதையில் சோபா போட்டோம். சோபா காலியாகவே கிடக்கிறது. தனியாகப் பேச வேண்டியவர்கள் மாடிப்படிக்குப் போகிறார்கள்.

பிறகுதான் மூலத் தரவைக் கேட்டேன் (அதைத் தராமல் இழுத்தடித்தது தனிக்கதை). இரவு 2 மணிக்கும் பதினோரு பேர் 'வேலை செய்துகொண்டிருந்தார்கள்'. பார்த்தால் பிரிண்டர்களும் சுவர் டிவிகளும்! வைஃபை உள்ள ஒவ்வொரு கருவியையும் ஓர் ஆளாக எண்ணியிருக்கிறார்கள். போனும் லேப்டாப்பும் வைத்திருப்பவர் இரண்டு ஆள். நம் வைஃபையில் சேராத விருந்தினர் போன், நெட்வொர்க் தேடும்போது தன்னை அடையாளம் காட்டும் வைஃபை முகவரியை மாற்றிக்கொண்டே இருக்கும். ஐபோனின் ஐஓஎஸ் 8 வந்த 2014லிருந்தே உள்ள வழக்கம் இது. அதனால் ஒரே விருந்தினர் பல பேராகிவிட்டார்.

அறைகள் நீலமான காரணம்தான் வயிற்றெரிச்சல். எங்கள் ஆக்சஸ் பாயின்ட்டுகள் (வைஃபை சிக்னல் தரும் பெட்டிகள்) எல்லாம் நடைபாதைக் கூரையில் ஒரே வரிசை. சிக்னல் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்று மாட்டியவை, இடம் கண்டுபிடிக்க அல்ல. ஒரே கோட்டில் இருந்தால், ஆள் இடப்பக்கமா வலப்பக்கமா என்று கணக்குக்குத் தெரியாது. நடுவில் புள்ளி வைத்துவிடும். சிக்னல் பலத்தை மட்டும் வைத்துப் போடும் கணக்கு சாதாரணமாகவே பல மீட்டர் பிசகும். எங்கள் அறையின் அகலமே மூன்று மீட்டர். சென்டிமீட்டர் கணக்கில் துல்லியம் வேண்டுமென்றால் யுடபிள்யுபி (அல்ட்ரா-வைட்பேண்ட் என்ற ரேடியோ முறை) போல தனிக் கருவியும், ஆளுக்கொரு டேகும் (உடன் வைத்திருக்கும் சிறு சிக்னல் கருவி) வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் ஒருவரைத் தெரிந்த இடத்தில் அரைமணி உட்காரவைத்து, திரையில் புள்ளி எங்கே விழுகிறது என்று பாருங்கள். நான் தாமதமாகச் செய்தேன்: மிஞ்சிய ஐந்தாவது அறையில் உட்கார்ந்தேன். அரைமணியும் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேனாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிய மெயிலுக்கு, அடுத்த மாடியையும் அளக்கத் தள்ளுபடி தருவதாகப் பதில் வந்திருக்கிறது.